குளிர்காலமும் மிடில் ஸ்கூலும்: பெற்றோர் கேட்டவை, என் பதில்கள்

அமெரிக்காவில் ஒரு மிடில் ஸ்கூலின் முன் அலுவலகத்தில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள். விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தால் நம் குடும்பங்களிலிருந்து வருகிற கேள்விகள் வருடாவருடம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால் இந்த முறை வந்ததை எல்லாம் ஒன்றாக வைத்துப் பதில் எழுதுகிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) மாறும். உங்கள் பள்ளிக் கையேட்டையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

அக்கா, பனி பெய்தால் பள்ளி உண்டா இல்லையா என்று காலை ஐந்தரைக்குத்தான் செய்தி வருகிறது. முந்தின ராத்திரியே சொன்னால் என்ன? நாங்கள் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள்.

சொல்ல முடிந்தால் ராத்திரியே சொல்லிவிடுவார்கள். பெரிய புயல் நிச்சயம் என்றால் அப்படித்தான் செய்கிறார்கள். மற்ற நாட்களில் போக்குவரத்துப் பிரிவு ஆட்கள் விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு சாலைகளை ஓட்டிப் பார்த்து, டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்டுக்குச் சொல்கிறார்கள், அவர் முடிவெடுக்கிறார். உங்கள் தெரு சுத்தமாக இருக்கும், ஆனால் டிஸ்ட்ரிக்டின் இன்னொரு மூலையில் ஒரு மேட்டுச் சாலையில் பஸ் ஏறாது. சாலையில் போடுகிற சாதாரண உப்பு 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. அதனால்தான் பனியே பெய்யாத நாளில்கூட இரண்டு மணி நேரத் தாமதம் அறிவிப்பார்கள். வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும், வெளிச்சமும் வந்துவிடும்.

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தருவது காலைச் செய்தி இல்லை, மதியம் வருகிற செய்தி. பாதி நாளில் பள்ளியை மூடுவது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் பன்னிரண்டரைக்கு மூடினோம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பதிவில் இருந்த அம்மாவின் எண் பழைய எண், அப்பா மீட்டிங்கில் இருந்தார், அவசரத்துக்கு என்று எழுதியிருந்த நண்பர் குடும்பம் வேறு மாநிலத்துக்கே வீடு மாறிப் போயிருந்தது. பஸ்ஸில் போகலாம், ஆனால் பையில் வீட்டுச் சாவி இல்லை. மூன்றே கால் வரை என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேப்ளராக எடுத்துப் பின் நிரப்பிக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

அதனால் இன்றைக்கே பள்ளியின் இணையப் போர்ட்டலைத் திறந்து எண்களைச் சரிபாருங்கள். அவசரத் தொடர்பாக எழுதுகிறவர் பகலில் ஊருக்குள் இருக்கிறவராக, பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்து சேரக்கூடியவராக இருக்கட்டும். அப்புறம், "பாதியில் பள்ளி விட்டால் நீ என்ன செய்வாய்?" என்று பிள்ளையையே கேட்டுப் பாருங்கள். உங்கள் மனதில் இருக்கிற திட்டம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

ஏழாம் வகுப்புப் பையன், கோட்டே போடமாட்டேன் என்கிறான். ஹூடி மட்டும்தான். தினமும் காலையில் சண்டை.

இந்த வயதில் பாதிப் பேர் இப்படித்தான். சண்டைக்கு முன்னால் ஏன் என்று ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் காரணம் பெரும்பாலும் பிடிவாதம் இல்லை. பல பள்ளிகளில் இப்போது லாக்கர் கிடையாது, இருந்தாலும் வகுப்புக்கு நடுவில் அதைத் திறக்க நேரம் இருக்காது, அந்தப் பெரிய கோட்டை நாள் முழுக்கக் கையில் சுமக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஒரு பையன் இரண்டு வாரம் ஹூடியோடு வந்தான். கூப்பிட்டுக் கேட்டால், கோட்டின் ஜிப் பிய்ந்துவிட்டது, புதிதாக வாங்கியது என்பதால் வீட்டில் சொல்லப் பயம்.

லாக்கர்தான் பிரச்சினை என்றால், சுருட்டிப் பையில் போடக்கூடிய மெல்லிய கோட்டும் உள்ளே ஃப்ளீஸும் போதும். காட்டன் ஹூடி வியர்வையிலோ பனியிலோ நனைந்தால் சூட்டை வைத்திருக்காது, அதை உடம்போடு ஒட்டிய அடுக்காக நம்ப வேண்டாம். கைக்கு, விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன்தான் கிளவுஸைவிடக் கதகதப்பு.

விட்டுக்கொடுக்க முடியாத எல்லை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 0 டிகிரி ஃபாரன்ஹீட், காற்று மணிக்கு 15 மைல் என்றால் விண்ட் சில், அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர், மைனஸ் 19. அந்தக் குளிரில் மூடாத தோல் 30 நிமிடத்தில் உறைந்து காயமாகிவிடும், பஸ் தாமதமானால் அரை மணி நேரம் ஓடியே போய்விடும். நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட் நாளில் ஹூடியோடு போகட்டும், விடுங்கள். விண்ட் சில் பூஜ்யத்துக்குக் கீழே போனால் கோட்டு, தொப்பி, கையுறை மூன்றும், அதில் பேச்சே இல்லை. எண்ணைக் காலையில் அவனே ஃபோனில் பார்த்துச் சொல்லட்டும். அம்மா சொல்வதைவிட எண் சொல்வதைச் சீக்கிரம் கேட்பார்கள்.

காலை ஆறே முக்காலுக்குக் கும்மிருட்டு. மகள் தனியாக பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். வேறு என்ன பார்க்க வேண்டும்?

கறுப்புக் கோட்டு, கறுப்புப் பை, கறுப்பு பேன்ட் என்று இருந்தால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அவள் தெரியவே மாட்டாள். பையில் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒன்று ஒட்டுங்கள். பிளோ (பனி தள்ளும் வண்டி) தள்ளிக் குவித்த பனிமேட்டின் மேல் ஏறி நிற்கக் கூடாது, வழுக்கினால் நேரே சாலையில்தான் விழுவார்கள். பஸ்ஸைச் சுற்றி 10 அடிக்குள் இருப்பவரை ஓட்டுநரால் சரியாகப் பார்க்க முடியாது, அதனால் கையுறையோ புத்தகமோ பஸ் பக்கத்தில் விழுந்தால் குனிந்து எடுக்கக் கூடாது, ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஹூடி கயிறு. இறங்கும்போது கைப்பிடிக் கம்பியின் இடுக்கில் தொங்குகிற கயிறு மாட்டி, கதவு மூடி, பஸ் நகர்ந்து பிள்ளைகள் இழுபட்ட விபத்துகள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. குழந்தைகளின் மேலாடைக் கயிறுகள் பற்றி 1996லேயே இங்கே பாதுகாப்பு வழிகாட்டுதல் வந்தது அதனால்தான். நீளமான கயிறு இருந்தால் உருவிப் போட்டுவிடுங்கள், நீளக் கழுத்துத் துண்டை கோட்டுக்குள் செருகச் சொல்லுங்கள்.

லேசான காய்ச்சல், மாத்திரை கொடுத்தால் இறங்கிவிடுகிறது. டெஸ்ட் இருக்கிறது, அனுப்பலாமா?

வேண்டாம். 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்திருந்தால், மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். மாத்திரையோடு வந்த பிள்ளை பதினொன்றரைக்கு மருந்து வேகம் இறங்கியதும் கன்னம் சிவந்து, மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுகிறது. நர்ஸ் கூப்பிடுகிறார், நீங்கள் வேலையை விட்டு ஓடி வருகிறீர்கள், டெஸ்ட்டும் போகிறது. டெஸ்ட்டை வேறு நாள் எழுதலாம், டீச்சருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டால் போதும்.

வாந்தி, பேதி என்றால் நின்று 24 மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு நாள், வீட்டில் இருக்கட்டும். குளிர்காலத்தில் சுற்றுகிற நோரோ வைரஸுக்கு சானிடைசர் ஜெல் சரியாக வேலை செய்யாது, சோப்பு போட்டு 20 விநாடி கழுவுவதுதான் வழி. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். ஃப்ளூவோ சின்னம்மையோ வந்த பிள்ளைகளுக்கு அது ரேய் சிண்ட்ரோம் என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கொடிய நோயைக் கொண்டுவரலாம். மருந்தைப் பையில் போட்டு அனுப்பாதீர்கள். கடையில் சும்மா கிடைக்கிற வலி மாத்திரையாக இருந்தாலும் படிவம், அசல் டப்பா, நர்ஸ் கையில். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் குளிர் காற்று இழுப்பைக் கிளப்பும், இன்ஹேலர் காலாவதி ஆகிவிட்டதா என்று இந்த வாரமே பாருங்கள்.

பொங்கலுக்கு லீவ் போடலாமா? அப்புறம், டிசம்பரில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் கூடுதலாக இருந்துவிட்டு வந்தோம், பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது.

பொங்கலுக்குத் தாராளமாகப் போடுங்கள். மதம், பண்பாடு சார்ந்த நாட்களுக்குப் பல டிஸ்ட்ரிக்ட்களில் அனுமதி உண்டு, முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அன்று காலையில் போன் செய்து "உடம்பு சரியில்லை" என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்குத் தெரியும் அது பொய் என்று, மறுநாள் அவர்களே பொங்கல் பற்றி வகுப்பில் ஆசையாகச் சொல்வார்கள். ஜனவரி மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், பள்ளி கிடையாது, கொண்டாட்டத்தை அந்த வார இறுதிக்குத் தள்ளிக்கொள்கிற குடும்பங்களும் உண்டு.

ஊர்ப் பயணத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் பார்த்து நடுங்க வேண்டாம், அது பெரும்பாலும் கணினி தானாக அனுப்புவது. ஆனால் கணக்கு இதுதான்: பள்ளி வருடம் பல இடங்களில் 180 நாள், அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 நாள், வராவிட்டால் அது நாள்பட்ட வராமை என்று பதிவாகும். அனுமதி வாங்கிய லீவும் அதில் சேரும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. உங்களுக்குப் பத்து நாள் போய்விட்டது, ஜூன் வரைக்கும் ஃப்ளூ, பல் டாக்டர், எல்லாவற்றுக்கும் மிச்சம் ஏழே நாள். சில மாநிலங்களில் தொடர்ந்து 10 அல்லது 15 பள்ளி நாள் வராவிட்டால் பதிவிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

தாத்தா பாட்டியோடு பிள்ளைகள் இருக்கிற அந்த நாட்களின் அருமை எனக்கும் தெரியும், போகாதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அலுவலகத்தில் வந்து கேளுங்கள், டிக்கெட் எடுத்த பிறகு கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போதைக்கு, கடிதத்துக்குப் பதிலாகத் தேதிகளும் காரணமும் எழுதி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விட்டுப்போன பாடங்களின் பட்டியலை டீச்சர்களிடம் பிள்ளையே கேட்டு வாங்கட்டும்.

அடுத்த வருடத்துக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்திருக்கிறது. நண்பர்கள் பிள்ளைகள் எல்லாம் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜிப்ரா 1 (வழக்கமாக ஒன்பதாம் வகுப்பில் வரும் கணக்குப் பாடம்) எடுக்கிறார்கள்...

நண்பர்கள் பிள்ளைகளை விடுங்கள். கணக்கு டீச்சரிடம், "பின்னத்திலும் விகிதத்திலும் இவள் உறுதியாக இருக்கிறாளா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் எடுக்கட்டும், தயங்கினால் ஒரு வருடம் பொறுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. கடைசித் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள், படிவம் வராவிட்டால் மிச்சமிருக்கிற விருப்பப் பாடத்தில்தான் போடுவார்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. டீச்சர் மீட்டிங் என்றாலே மகனைத்தான் மொழிபெயர்க்க வைக்கிறேன். தப்பா மேடம்?

தப்பு உங்களுடையது இல்லை, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பெற்றோருக்குப் புரிகிற மொழியில் பேச வேண்டியது பள்ளியின் கடமை, இந்த நாட்டின் சட்டம் அது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஃபோன் வழியாகத் தமிழ் பேசுகிறவரைப் பிடித்துத் தருவார்கள், உங்களுக்குச் செலவு கிடையாது. தன் மதிப்பெண் பற்றித் தானே மொழிபெயர்க்கிற பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள், அந்த இடத்தில் அவனை நிறுத்த வேண்டாம்.

மகளுக்கு 13 வயது. டிசம்பரிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், தூக்கம், தூக்கம். குளிர்காலம் என்று விட்டுவிடலாமா?

கொஞ்சம் குளிர்காலம்தான். இருட்டில் போய் இருட்டத் தொடங்கும்போது வருகிறார்கள், வெளிச்சமே படுவதில்லை. 13 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும், பள்ளி நாட்களில் அது கிடைக்காமல் சனிக்கிழமை மதியம் வரை தூங்குவார்கள். அதனால் ராத்திரி ஃபோன் அறைக்கு வெளியே இருக்கட்டும், பகலில் இருபது நிமிடமாவது வெளியே நடக்கட்டும், நீங்களும் கூடப் போங்கள். காரில், நடையில், முகத்துக்கு முகம் பார்க்காத இடத்தில்தான் இந்த வயதுப் பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால், பிடித்த விஷயமும் பிடிக்காமல் போனால், சாப்பாடு மாறினால், அதைக் குளிர்காலம் என்று ஒதுக்காதீர்கள். பள்ளிக் கவுன்சிலருக்கு (மாணவர்களுக்கான ஆலோசகர்) எழுதுங்கள், குழந்தை டாக்டரிடமும் சொல்லுங்கள். கவுன்சிலரைப் பார்த்தால் ரெக்கார்டில் ஏறிவிடும், கல்லூரிக்குப் பாதிக்கும் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. அப்படி எதுவும் கல்லூரிக்குப் போகாது. "இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு, மனநெருக்கடி உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், பெற்றோரும் பேசலாம். அவளிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

பையன் மூன்றாவது ஜாக்கெட்டைத் தொலைத்துவிட்டான். பள்ளியில் தேட முடியுமா?

முடியும், வாருங்கள். சாப்பாட்டு அறை வாசலில் ஒரு கம்பி முழுக்கத் தொங்குகிறது, நேற்று எண்ணினேன், கறுப்பு மட்டும் பதினேழு. ஒன்றில்கூடப் பெயர் இல்லை. காலரின் உள்பக்கத்தில் அழியாத மையில் பெயர் எழுதுங்கள், வெளியே தெரியாது என்று சொன்னால் அவனும் ஒத்துக்கொள்வான். இந்த மாதக் கடைசி வெள்ளி வரை வைத்திருப்போம், பிறகு தானமாகப் போய்விடும்.