தீச்சுடரில் கையால் செய்த கண்ணாடித் தம்ளரில் கொதிக்கும் காபி ஊற்றலாமா?

தாராளமாக ஊற்றலாம். ஆனால் வாங்கும்போது விற்பவரிடம், "செய்து முடித்த பிறகு சூளையில் வைத்து ஆற்றினீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

என் அப்பா மதுரையில் கல்லூரி ஆய்வகங்களுக்குக் கண்ணாடிச் சாமான் ஊதிக் கொடுத்தவர். உடைந்த பியூரெட், கண்டென்சர் எல்லாம் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வரும். மீந்த குழாயில் எங்களுக்குத் தம்ளர் செய்வார். கேஸும் ஆக்சிஜனும் சேர்ந்த சுடரில் குழாயைக் காட்டி, இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே இருப்பார். ஒரு கை கொஞ்சம் பிந்தினாலும் இளகிய இடம் முறுக்கிக்கொள்ளும். இழுத்து அடியை மூடி, மறுமுனையில் வாய் வைத்து மெல்ல ஊதுவார். உருண்டு வரும் அடியைக் கார்பன் பலகையில் அமுக்கினால் தட்டையாக உட்காரும். கடைசியில் விளிம்பைச் சுடரில் காட்டுவார். வெட்டுக்கூர் உருகி, உதட்டுக்கு வழுவழுவென்று ஆகிவிடும். சுடர் ஆடும் என்று சித்திரை வெயிலிலும் ஃபேன் போட விடமாட்டார்.

அந்தக் குழாய் போரோசிலிகேட் என்ற வகைக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும், அதனால்தான் கொதிநீரைத் தாங்குகிறது. டீக்கடை கிளாஸ் சாதாரணக் கண்ணாடி. மாஸ்டர் வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றுவது அதற்கும் நல்லது.

சரி, சூளை எதற்கு? தடித்த அடி மெதுவாக ஆறும், மெல்லிய சுவர் சட்டென ஆறும். அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். சுமார் 560 டிகிரியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால்தான் போகும். நான் ஒரு கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய தம்ளர், யாரும் தொடாமல், ராத்திரி அலமாரியில் 'டிக்' என்றது. காலையில் பார்த்தால் அடி வளையம்போலக் கழன்று கிடந்தது. அன்று மனசு ஆறவே இல்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். லேப்டாப்பில் வெள்ளைத் திரை வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரை இருட்டாகத் தெரியும்வரை திருப்புங்கள். அப்புறம் திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் தம்ளரைப் பிடியுங்கள். அடியிலோ, ஒட்டிய பூ வேலைப்பாட்டைச் சுற்றியோ பளிச்சென்று வெளிச்சமோ வானவில் நிறமோ தெரிந்தால் அந்த இழுபறி இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதில் சூடு ஊற்றாதீர்கள், ஜிகர்தண்டாவுக்கும் வேண்டாம்.

அப்பா செய்ததில் மூன்று இன்னும் இருக்கின்றன. அம்மாவுக்குச் சுக்குக் காபி அதில்தான்.