கணினி கேள்வி–பதில்: கடைசி நிமிடத்தில் நின்றுபோன இன்ஸ்டலேஷன்

கேள்வி: ஐயா, 2013-ல் என் கணவர் வாங்கிய லேப்டாப் இது. ஐ3 மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது, 11 இதில் ஏறாது என்றதும் பி.யூ.சி. படிக்கும் மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஓஎஸ்ஸைப் போட உட்கார்ந்தான். டி டிரைவில் எங்கள் போட்டோக்கள் எல்லாம் இருப்பதால் அதைத் தொடாமல், சி டிரைவை மட்டும் அழித்துப் பார்ட்டிஷனைத் தானே பிரித்தான். முதலில் லேப்டாப் பென் டிரைவை எடுக்கவில்லை என்று பயாஸில் எதையோ மாற்றினான், அப்புறம் எடுத்தது. பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தபோது வைஃபை, சத்தம் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் இன்ஸ்டால் முடியப் போகிற நேரத்தில் 'கிரப்' நிறுவ முடியவில்லை என்று வந்து நின்றுவிட்டது. இப்போது ஆன் செய்தால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்கிறது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் காட்டினோம். மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அம்மா, மதர்போர்டு போயிருந்தால் பென் டிரைவிலிருந்து மின்ட் அவ்வளவு ஒழுங்காக ஓடியிருக்காது. படம், சத்தம், வைஃபை எல்லாம் வேலை செய்த மெஷின் அது. தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், எக்ஸ்சேஞ்சிலும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: 'பயாஸில் எதையோ மாற்றினான்' என்ற அந்த வரி. பயாஸ் என்பது லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு. 2013 வாக்கில் வந்த லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டு விதமாகவும் கிளம்ப வழி இருக்கும். ஒன்று பழைய 'லெகசி' முறை, இன்னொன்று 'யுஇஎஃப்ஐ'. விண்டோஸ் 8 காலத்து மெஷின் என்றால் அதன் டிஸ்க் ஜிபிடி என்ற முறையில் பிரிக்கப்பட்டு, கிளம்புவதற்கான ஃபைல்கள் 100 எம்பியோ சற்றுக் கூடுதலாகவோ அளவுள்ள ஒரு சின்ன பார்ட்டிஷனில் தனியாக இருக்கும். தம்பி 'செக்யூர் பூட்' (நம்பகமானதல்லாத ஓஎஸ் கிளம்புவதைத் தடுக்கும் வசதி) என்பதை மட்டும் அணைத்திருந்தால் போதும், கூடவே பூட் மோடையும் லெகசிக்கு மாற்றிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் பயாஸில் அடுத்தடுத்து இருப்பதால் நிறையப் பேருக்கு இது நடக்கிறது.

அதனால் என்ன ஆகிறது? எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கும், லெகசி முறையில் கிரப் (ஆன் செய்ததும் மின்ட்டைக் கிளப்பிவிடும் சின்ன புரோகிராம்) அதில்தான் போய் உட்காரும். ஜிபிடி டிஸ்க்கில் அந்த இடத்தில் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. கிரப்புக்கு என்று 1 எம்பி பார்ட்டிஷன் தனியாக ஒதுக்கித் தரவேண்டும், தராவிட்டால் இன்ஸ்டாலர் எல்லா ஃபைலையும் காப்பி செய்து முடித்துவிட்டுக் கடைசிப் படியில் திணறும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். டிஸ்க் கெட்டதால் வந்த நிறுத்தமாக இருந்தால் பெரும்பாலும் பாதியிலேயே, காப்பி ஆகும்போதே நின்றிருக்கும்.

சரி, முதலில் போட்டோக்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் அதே பென் டிரைவிலிருந்து மின்ட்டைத் திறந்து, டி டிரைவைக் கிளிக் செய்து, எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துவிடுங்கள். போன வருடம் சி.வி. ராமன் நகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதே 'நோ பூட்டபிள் டிவைஸ்' வந்ததும், டிஸ்க்கைக் கழற்றாமலேயே லேப்டாப்பைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் அத்தோடு போயின. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காப்பி எடுத்த பிறகு தம்பி செய்ய வேண்டியது: ஆன் செய்ததும் எஃப்2 (சில மாடல்களில் எஸ்கேப் அல்லது எஃப்10) அழுத்திப் பயாஸுக்குள் போய், பூட் மோடை மறுபடி யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும், செக்யூர் பூட் அணைந்தே இருக்கட்டும். அப்புறம் பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால், முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான வழியில்தான் கிளம்பியதா என்று சந்தேகம் இருந்தால் ஃபைல் மேனேஜரில் 'சிஸ்', அதற்குள் 'ஃபர்ம்வேர்' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே 'இஎஃப்ஐ' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் சரி, இல்லையென்றால் இன்னும் லெகசியில்தான் இருக்கிறீர்கள், அந்த நிலையில் இன்ஸ்டாலரைத் தொடவே வேண்டாம்.

பென் டிரைவிலேயே 'பூட் ரிப்பேர்' என்று ஒரு கருவி வருகிறது, அதை வைத்தும் சரிசெய்யலாம். ஆனால் பாதியில் நின்ற இன்ஸ்டலேஷன் என்பதால் மறுபடி முழுசாகப் போடுவதையே நான் சொல்வேன். பார்ட்டிஷன் திரையில் பழைய சி இருந்த இடத்தை ஃபார்மட் செய்து ரூட் (மின்ட் உட்காரும் முக்கிய பார்ட்டிஷன்) ஆக்குங்கள். கிளம்பும் ஃபைல்கள் இருக்கும் அந்தச் சின்ன துண்டை 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று மட்டும் குறியுங்கள், ஃபார்மட் டிக் வேண்டாம். டி டிரைவின் பக்கமே போகாதீர்கள்.

விண்டோஸைப் பற்றி உங்களுக்குச் சொன்னது சரிதான். 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, பி.யூ.சி. முடித்து டிகிரி சேர்ந்த பிறகும் ஓடும்.

எஸ்.பி. ரோட்டுக்கு இன்னொரு தடவை போவதாக இருந்தால் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும் 4 ஜிபி ராம் ஒன்றும் கேளுங்கள். ராம் டிடிஆர்3 ஆக இருக்க வேண்டும், டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் பொருந்தாது. பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. இத்தனை வருடம் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த எஸ்எஸ்டியைப் போட்டாலே மெஷினின் வேகத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் ஓஎஸ் போடும்போது ஒரு தடவை 23 சதவீதத்தில் நிற்கிறது, அடுத்த தடவை 61, அப்புறம் 40. டிஸ்க் புதிது. எங்கே தப்பு?
— கல்லூரி மாணவர், ஸ்ரீராமபுரம்

பதில்: ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்பதால் எனக்குச் சந்தேகம் பென் டிரைவ் மேலும் ராம் மேலும்தான். டவுன்லோட் செய்த ஐஎஸ்ஓவின் (ஓஎஸ் முழுதும் அடங்கிய ஃபைல்) ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணை, அதை வெளியிட்டவர்கள் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டியதுதான். அது சரியாக இருந்தால் வேறு பென் டிரைவில் எழுதி, வேறு யுஎஸ்பி போர்ட்டில் போடுங்கள். நடைபாதையில் விற்கும் '128 ஜிபி' பென் டிரைவ்களில் உண்மையான அளவு அதைவிட மிகக் குறைவாக இருப்பது உண்டு, அதில் எழுதியது பாதியில் கெட்டுப்போகும். அப்படியும் நின்றால் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனைக் கருவியைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் ராமில் கோளாறு. இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பாருங்கள், எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: இன்ஸ்டால் ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி 2012 என்று காட்டுகிறது, எந்த வெப்சைட்டும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கிறது.
— வாசகர், விவேக் நகர்

பதில்: பயாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரிதான், சில லேப்டாப்களில் ஒயரோடு வரும், கழற்றிப் பார்த்து அதேபோல் வாங்குங்கள். வெப்சைட்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு, உங்கள் லேப்டாப் கணக்கில் அந்தத் தேதி இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரி மாற்றும்வரை பயாஸில் தேதியைக் கையால் வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.