நாலடிச் சந்தும் மூன்றாவது டாப்-அப்பும்

கேள்வி: எங்கள் வீட்டின் பக்கவாட்டில் 4 அடி அகலம், 20 அடி நீளத்துக்கு ஒரு சந்து சும்மா கிடக்கிறது. என் நாத்தனார் மகன் மூன்று வருடப் படிப்புக்காக இங்கே வருகிறான், எங்களோடுதான் தங்குவான் என்று முடிவாகிவிட்டது (என்னை யாரும் கேட்கவில்லை). சமையலறையை அந்தச் சந்துக்குத் தள்ளிவிட்டு, இப்போதைய சமையலறையை அவனுக்கு அறையாக்கலாம் என்பது நாத்தனார் யோசனை. கான்ட்ராக்டர் 8 லட்சம் கேட்கிறார். இந்த மாதமே அட்வான்ஸ் கொடுத்தால்தான் இந்த ரேட்டாம். வீட்டுக் கடன் 20 லட்சம் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இடையில் காருக்கு ஒரு தடவை, கொழுந்தனார் தொழில் தொடங்க ஒரு தடவை என்று டாப்-அப் (இருக்கும் வீட்டுக் கடன்மேலேயே கூடுதல் கடன்) எடுத்திருக்கிறோம். இப்போது பாக்கி 18 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 11 வருடம் இருக்கிறது, மாதத் தவணை 21,500. இன்னொரு டாப்-அப் எடுத்துக் காலத்தை 20 வருடமாக்கினால் தவணை 1,900 மட்டும்தான் கூடும் என்கிறது வங்கி. கணவரின் நண்பரோ 12 லட்சமாக வாங்கி, 4 லட்சத்தைப் பங்குச் சந்தை ஃபண்டில் போட்டால் கூடுதல் தவணையை அதுவே கட்டிவிடும் என்கிறார். கணவருக்கு வயது 44. கட்டினால் வீட்டு மதிப்பும் கூடும்தானே? யோசித்து யோசித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

பதில்: கட்டலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறகு அதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது சந்து இல்லை, "1,900 மட்டும்தான்" என்கிற அந்த வரி. காருக்கு எடுத்தபோதும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள், கொழுந்தனாருக்கு எடுத்தபோதும் இப்படித்தான். நீங்கள் டாப்-அப் எதுவுமே எடுக்காமல் முதல் 20 லட்சத்தை மட்டும் 20 வருடக் கணக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தால், இந்த 9 சதவீத வட்டியிலேயே, இன்றைக்குப் பாக்கி ஏறக்குறைய 15 லட்சமாகவும் தவணை 18 ஆயிரமாகவும் இருந்திருக்கும். ஒன்பது வருடம் மாதம் தவறாமல் கட்டியும் அசலில் குறைந்திருப்பது 2 லட்சம்தான்.

இப்போது மூன்றாவது. இன்றிருக்கும்படியே விட்டால் இனி நீங்கள் கட்டப்போவது 21,500 வீதம் 132 மாதம், சுமார் 28 லட்சத்து 40 ஆயிரம். டாப்-அப் எடுத்தால் 26 லட்சம் கடன், 23,400 வீதம் 240 மாதம், சுமார் 56 லட்சம். அதாவது 8 லட்சம் வாங்குவதற்காகக் கூடுதலாக ஏறக்குறைய 28 லட்சம் கட்டுகிறீர்கள். நீங்களே ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள், நான் சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். வட்டி அதே 9தானே, எப்படி இவ்வளவு வருகிறது என்றால், புதிய 8 லட்சத்தை மட்டும் அவர்கள் 20 வருடத்துக்கு நீட்டவில்லை, 11 வருடத்தில் முடிய வேண்டிய பழைய 18 லட்சத்தையும் சேர்த்து இழுத்துவிடுகிறார்கள். அந்த 28இல் பத்து லட்சத்துக்கு மேல் பழைய கடனை ஜவ்வாய் இழுத்ததற்கான வட்டி மட்டுமே. பணத்தின் மதிப்பு வருடா வருடம் குறையுமே, 20 வருடம் கழித்துக் கட்டும் 23,400 இன்றைய 23,400 ஆகுமா என்று உங்கள் கணவரின் நண்பர் கேட்பார். ஆகாதுதான். ஆனால் கணவருக்கு 55 வயதில் முடிய வேண்டிய கடன் 64 வயதுக்குப் போகிறது. அப்போது சம்பளம் வருமா என்பதுதான் என் கேள்வி, பணவீக்கம் இல்லை.

அந்த நண்பரின் திட்டத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி யோசனை இப்போதெல்லாம் எல்லார் வாயிலும் வருகிறது. 12 லட்சம் டாப்-அப் என்றால் மொத்தக் கடன் 30 லட்சம், 20 வருடத்துக்குத் தவணை 27 ஆயிரம். இன்றைய தவணையைவிட 5,500 அதிகம். அதை 4 லட்சம் போட்ட ஃபண்டிலிருந்து மாதாமாதம் எடுக்க வேண்டும் என்றால் வருடத்துக்கு 66 ஆயிரம், போட்ட பணத்தில் 16 சதவீதத்துக்கும் மேல். 20 வருடம், ஒரு மாதம்கூட நிற்காமல். சந்தை முதல் ஒன்றிரண்டு வருடத்தில் கீழே போனால், குறைந்த விலைக்கு அதிக யூனிட்களை (ஃபண்டில் உங்கள் பங்குகளை) விற்றுத்தான் அந்த 5,500ஐ எடுக்க முடியும். பிறகு சந்தை ஏறும்போது ஏறுவதற்கு உங்கள் கையில் போதுமான யூனிட் மிச்சமிருக்காது, கடன் மட்டும் முழுசாக இருக்கும். வீட்டை அடமானம் வைத்து ஃபண்டு வாங்குவதற்கு என்ன நவீனப் பெயர் வைத்தாலும் அது அதுதான். டாப்-அப்போடு ஒரே தடவை பிரீமியம் கட்டும் கடன் காப்பீடு ஒன்றையும் வங்கியில் நீட்டுவார்கள், அந்தப் பிரீமியத்தையும் கடனிலேயே சேர்த்து அதற்கும் வட்டி போடுவார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் சாதாரண டேர்ம் காப்பீடு (குறிப்பிட்ட காலத்துக்கு உயிருக்கு மட்டுமான காப்பீடு) போதும்.

சரி, சந்துக்கு வருவோம்.

4 அடி சந்து என்றால் 4 அடி அறை கிடைக்காது. வெளிச்சுவர் 9 அங்குலம் போய்விடும். மிச்சம் 3 அடி 3 அங்குலம், இரண்டு பக்கமும் பூச்சு, டைல்ஸ் ஒட்டினால் அதிலும் ஒன்றிரண்டு அங்குலம் குறையும். அஸ்திவாரம் சுவரைவிட அகலமாக இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். அது பக்கத்து வீட்டு நிலத்துக்குள் போகக் கூடாது என்றால் சுவரே இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வரலாம். இருக்கும் காம்பவுண்டு சுவர் மேலேயே கூரையை உட்கார வைத்துவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், வேலியாகக் கட்டிய சுவர் கான்கிரீட் தளத்தைத் தாங்கக் கட்டியது இல்லை. நீளவாக்கில் முன்னும் பின்னும் சுவர் போக 18 அடி சொச்சம். ஆக, உள்ளே புழங்கக் கிடைப்பது சுமார் 60 சதுர அடி. கான்ட்ராக்டர் 80 சதுர அடிக்கு 8 லட்சம், அடிக்கு 10 ஆயிரம் என்று கணக்குச் சொல்லியிருப்பார். நீங்கள் உண்மையில் கொடுப்பது 13 ஆயிரத்துக்கு மேல். உங்கள் பகுதியில் கட்டி முடித்த வீடு சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து இதோடு ஒப்பிடுங்கள், மதிப்பு கூடுமா என்பதற்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

குறுகலான இடத்தைக் கட்டும்போது ஏன் இவ்வளவு ஆகிறது என்றால், அகலம் பாதியானதால் செலவு பாதியாவதில்லை. 4 அடிக்கும் அஸ்திவாரம் தோண்ட வேண்டும், 8 அடிக்கும் தோண்ட வேண்டும். நீளச் சுவர் அதே 20 அடிதான். கூரை பழைய சுவரோடு சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் பார்க்கும் வேலை அதேதான், பழைய சுவரை உடைத்தால் மேலே இருக்கும் பாரத்தைத் தாங்கப் போட வேண்டிய பீமும் அதேதான். அநேக வீடுகளில் கழிவுநீர்க் குழாயும் அதன் சேம்பரும் (அடைப்பெடுக்கும் சிறு தொட்டி) இந்தப் பக்கச் சந்தில்தான் ஓடும். அதை மாற்றுவது அந்த 8 லட்சத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டீர்களா? நான் பார்த்த கொட்டேஷன்களில் பெரும்பாலும் இருக்காது. பழைய வீட்டை உடைத்துச் சேர்க்கும் எந்த வேலைக்கும் சொன்ன தொகைக்கு மேல் 15, 20 சதவீதம் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும், எனவே உங்கள் 8 என்பது ஒன்பதரை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாத்தனார் திட்டம். சமையல் மேடை 2 அடி அகலம். சந்தில் மிஞ்சுவது 3 அடி 3 அங்குலம் என்றால் நீங்கள் நிற்க ஒன்றேகால் அடி. அதில் நின்று சமைக்கலாம், ஆனால் குனிந்து கீழே இருக்கும் பாத்திரத்தை எடுக்க முடியாது, இன்னொருவர் உங்களைத் தாண்டிப் போக முடியாது. இது சரிவர வேண்டுமென்றால் நடுச்சுவரை உடைத்துப் பழைய சமையலறையோடு சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் பையனுக்கு அறை எங்கே? உடைக்காமல் விட்டால் அறை கிடைக்கும், ஆனால் அந்த அறையின் ஜன்னல் சந்தைப் பார்த்து இருந்தால், சந்து மூடியதும் அந்த ஜன்னல் உங்கள் புதிய சமையலறைக்குள் திறக்கும். வெளிச்சம் இல்லாத, வெளிக்காற்று வராத, தாளிக்கும் புகை மட்டும் வருகிற ஓர் அறை, மூன்று வருடம் படிக்க வருகிற பையனுக்கு. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பதை யாரும் தாளில் வரைந்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு டேப்பை எடுத்துத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் சுவர், மேடை எல்லாவற்றையும் கோடு போட்டு, அதற்குள் நின்று பாருங்கள், நாத்தனாரையும் நிற்க வைத்துப் பாருங்கள்.

அனுமதி விஷயம் தனி. பக்கவாட்டில் இவ்வளவு இடம் விட வேண்டும் என்ற விதிக்காகத்தான் பல வீடுகளில் அந்தச் சந்தே இருக்கிறது. அனுமதி இல்லாமல் மூடிவிட்டால், நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவரின் வங்கி வரைபடத்தையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும், மதிப்பு கூடுவதற்குப் பதில் பேரத்தில் விலை குறையும். பின்பக்கம் போக வீட்டுக்கு வெளியே உள்ள ஒரே வழியும் அதுதானா என்று பாருங்கள். தொட்டி சுத்தம் செய்ய ஆள் வந்தால், ஏணி கொண்டுபோக வேண்டுமென்றால், எல்லாம் உங்கள் ஹால் வழியாகத்தான்.

இப்படிச் சொல்வதால் குறுகலான விரிவாக்கமே வீண் என்று அர்த்தம் இல்லை. 7 அடி அகலத்துக்கு ஒடுங்கிக் கிடக்கும் சமையலறையில் சுவரை எடுத்து 3 அடி சேர்த்தால், இரண்டு பக்கமும் மேடை, நடுவில் தாராளமாக நடக்க இடம் என்று வீட்டின் புழக்கமே மாறிவிடும். கூரையில் ஒரு பகுதிக்குக் கண்ணாடி போட்டால் வெளிச்சமும் போகாது. அதே வீட்டில் இன்னும் பத்து, பதினைந்து வருடம் இருக்கப்போகிறீர்கள், தினமும் அந்தச் சமையலறையில் நிற்பவர் நீங்கள், பெரும்பகுதி கையில் இருக்கும் பணம் என்றால், விற்கும்போது போட்டது திரும்பி வராவிட்டாலும் அது நியாயமான செலவுதான். வாங்குகிறவர் கூடுதல் படுக்கையறைக்குக் கொடுக்கும் விலையை அகலமான சமையலறைக்குக் கொடுக்க மாட்டார், அதைத் தெரிந்தே செய்யலாம். ஆனால் அதைச் செய்வது உங்களுக்காக இருக்க வேண்டும், மூன்று வருடத்தில் கிளம்பிப் போகிறவருக்காக இருபது வருடக் கடனில் இல்லை.

பையனுக்கு என்ன வழி? 8 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் முதல் வருட வட்டி மட்டும் மாதம் 6,000. அந்த 6,000ஐ அவன் விடுதிக்கோ பகிர்ந்து தங்கும் அறைக்கோ உங்கள் பங்காகக் கொடுத்தாலும் மூன்று வருடத்தில் 2 லட்சத்து 16 ஆயிரத்தோடு கணக்கு முடிந்தது. மீதியை அவர்கள் போடட்டும். அல்லது ஹாலில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலமாரி, ஒரு திரை. முதல் செமஸ்டர் முடிவதற்குள் அவனே நண்பர்களோடு அறை எடுத்துப் போய்விடவும் கூடும், கல்லூரிப் பையன்கள் மாமா வீட்டில் எவ்வளவு நாள் இருப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். இதை நாத்தனாரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர்தான், நாத்தனார் அவர் கூடப் பிறந்தவர். "கடன் வாங்கிக் கட்ட முடியாது, மாதம் இவ்வளவு தர முடியும்" என்று தொகையோடு சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும். தொகை இல்லாமல் சும்மா முடியாது என்றால்தான் சண்டை வரும். அப்புறம், கொழுந்தனாருக்காக எடுத்த டாப்-அப்பில் எவ்வளவு திரும்ப வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் ஒன்றும் வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். உறவுக்கு உதவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளத்திலிருந்து, சேமிப்பிலிருந்து, இவ்வளவுதான் என்று. வீட்டுக் கடனிலிருந்து உதவும் வழக்கம் உங்கள் வீட்டில் இத்தோடு நிற்க வேண்டும்.

உங்களுக்கே சமையலறையைப் பெரிதாக்கும் ஆசை இருந்தால் ஒரு சோதனை. 8 லட்சத்தைத் தனிக் கடனாக அதே 9 சதவீதத்தில் ஐந்து வருடத்தில் முடிக்க மாதம் 16,600 ஆகும் (தனிக் கடனுக்கு வட்டி இன்னும் கூடுதலாகவே இருக்கும்). அடுத்த மாதம் முதல் அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், ஆறு மாதம். முடிந்தது என்றால் கையில் ஒரு லட்சம் சேர்ந்திருக்கும், இரண்டு வருடம் இப்படியே போனால் 4 லட்சம், ஏறக்குறைய பாதிச் செலவுக்குக் கடனே தேவையில்லை. மூன்றாவது மாதமே மூச்சு முட்டினால், 1,900 என்று சொல்லி உங்கள் தலையில் கட்டப் பார்த்த செலவின் உண்மையான எடை அதுதான்.

கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்த மாதத்துக்குள் கொடுத்தால்தான் இந்த ரேட் என்பதெல்லாம் அடுத்த மாதமும் சொல்வார். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், அளவுகளோடு வரைபடம், கழிவுநீர்க் குழாய் மாற்றும் செலவு, பீம் செலவு, அனுமதி யார் பொறுப்பு, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார் என்றால் அதையே காரணமாகச் சொல்லி அட்வான்ஸைத் திரும்பக் கேட்கலாம்.