குடிக்கா, மனச்சோர்வுக்கா: எதற்கு முதலில் வைத்தியம்?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சின்ன வயதிலிருந்தே கூட்டம் என்றால் பயம். கல்யாண வீட்டுக்குக்கூடக் குடித்துவிட்டுத்தான் வருவார். ஐயப்பனுக்கு மாலை போட்டால் குடிக்கமாட்டார், இரண்டு வருஷமாக அதுவும் இல்லை. இப்போது தினமும் குடி, தூக்கம் இல்லை, "நான் எதுக்கு இருக்கணும்" என்கிறார். ஒரு டாக்டர் மனச்சோர்வு என்றார். மாமியார், "குடியை விட்டால் எல்லாம் சரியாகும்" என்கிறார். எதை முதலில் பார்ப்பது? – வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், அம்மா. ஆனால் அதற்கு முன்னால், "சாகணும்னு தோணுதா?" என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

நீங்கள் எழுதியதில் பயம்தான் மூத்தது என்று தெரிகிறது. நாலு பேர் முன்னால் நிற்க முடியாதவருக்குக் குடி தைரியம் தந்திருக்கிறது. நாளடைவில் அதுவே தூக்கத்தையும் மனதையும் கெடுக்கும். ஆண்கள் பயத்தை வெளியே சொல்வது அபூர்வம். வீட்டார் கண்ணில் படுவது குடி மட்டுமே, அதையும் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். 2015-16 தேசிய மனநல ஆய்வில், குடிநோய் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை.

மாலை போட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். அப்போது நன்றாகத் தூங்கினாரா? கன்னிபூஜைக் கூட்டத்தில் நின்றாரா, ஒதுங்கினாரா? குடிக்காதபோதும் சோர்வும் பயமும் இருந்திருந்தால், அவற்றுக்குத் தனியாக மருந்தும் ஆலோசனையும் தேவைப்படும். டாக்டரிடம் இதை அவசியம் சொல்லுங்கள், சிகிச்சையையே மாற்றக்கூடிய விஷயம் இது.

அன்று விரதத்துக்காக நிறுத்தினாரே என்று, இன்று வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். தினமும் குடிப்பவருக்குக் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. சோற்றில் ரகசியமாகக் கலக்கச் சொல்லும் பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் (குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் மருந்து) இருந்து, தெரியாமல் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார்.

மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அவர் வர மறுத்தால் நீங்களே 14416-க்குப் பேசலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். பத்து நாளில் "பலன் இல்லை" என்று மாமியார் நிறுத்தச் சொன்னால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.