சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட் (வேலை அனுமதி) தம்பிகளுக்கு: அடிபட்டா, காய்ச்சல் வந்தா என்ன பண்ணணும்? கேள்வி பதில்

ஞாயிறு ராத்திரி எட்டு மணி, எல்லாரும் தேக்கா (லிட்டில் இந்தியா) போய்ட்டு ரூமுக்குத் திரும்பியிருப்பீங்க. கேள்வியைப் போடுங்க. நான் வக்கீல் இல்ல, டாக்டரும் இல்ல. ஒன்பது வருஷம் கம்பி கட்டினவன். இப்ப லீவு நாள்ல அடிபட்ட பிள்ளைகளுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறேன், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போறேன். சம்பளம், இன்சூரன்ஸ், மருத்துவம் இதுக்குள்ள கேளுங்க. நிரந்தரமா இங்க தங்க பி.ஆர். கிடைக்குமா, எந்த ஏஜென்ட் நல்லவன் இதெல்லாம் என்கிட்ட வேண்டாம்.

ஆலங்குடி: அண்ணே, மூணு வாரம் முன்னாடி சைட்ல பலகை விழுந்து வலது கையில ரெண்டு விரல் நசுங்கிருச்சு. ஆபரேஷன் செலவைக் கம்பெனி கட்டிருச்சு. இப்ப ஆபீஸ்ல ஒரு பேப்பர் நீட்டுறாங்க, ரூம்ல வழுக்கி விழுந்ததா எழுதியிருக்குன்னு கூட இருக்கிற பையன் படிச்சுச் சொன்னான். கையெழுத்துப் போட்டா அடுத்த பெர்மிட் ரெனியூவல் உறுதியாம். என்ன பண்றது?

பதில்: போடாதே தம்பி. இன்னைக்கு ராத்திரி நான் எழுதப்போறதுல இது ஒண்ணை மட்டும் எல்லாரும் மனசுல வெச்சுக்கிட்டாக்கூடப் போதும்: படிக்கத் தெரியாத பேப்பர்ல கையெழுத்து கிடையாது. "போட்டோ எடுத்துக்கிட்டு நாளைக்குத் தர்றேன்"னு சொல்லு. நல்ல பேப்பரா இருந்தா போட்டோ எடுக்கிறதுக்கு யாரும் பயப்பட மாட்டாங்க.

இப்ப உன் விஷயம். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, இங்க எல்லாரும் 'விக்கா'ன்னு சொல்றது அதைத்தான். தப்பு யார் மேலங்கிற கேள்வியே அதுல கிடையாது. நீ கவனக்குறைவா இருந்திருந்தாலும், வேலை செய்யும்போது அடிபட்டிருந்தா பாத்தியதை உண்டு. உடம்பால வேலை செய்றவங்க எல்லாருக்கும், சம்பளம் எவ்வளவா இருந்தாலும், முதலாளி இந்த இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும். அதனால பாஸ் உனக்குத் தன் பாக்கெட்லேர்ந்து தர்ம காசு கொடுக்கிறதா நினைச்சுக் கூச்சப்படாதே. பிரீமியம் ஏற்கனவே கட்டியாச்சு.

உனக்கு வரவேண்டியது மூணு. ஒண்ணு, வைத்தியச் செலவு: விபத்து நடந்த நாள்லேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும், இல்லன்னா 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும், எது முதல்ல வருதோ அது. இது 2025 நவம்பர் 1-லேர்ந்து நடந்த விபத்துக்கான கணக்கு. அதுக்கு முன்னாடி அடிபட்டவங்களுக்கு 45,000.

ரெண்டு, எம்.சி. (டாக்டர் எழுதித் தர்ற மருத்துவ லீவுச் சீட்டு) காலத்துச் சம்பளம். ஆஸ்பத்திரியில படுத்திருந்தா 60 நாள் வரைக்கும், வெளிநோயாளியா இருந்தா 14 நாள் வரைக்கும் முழுச் சம்பளம், அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு. இங்கதான் பாதிப் பேர் ஏமாறுறாங்க. முழுச் சம்பளம்னா பேசிக் இல்ல தம்பி. கடைசிப் பன்னெண்டு மாசத்து சராசரி வருமானம், ஓவர்டைமும் சேர்த்து. பேசிக் 600, ஓ.டி. போட்டுக் கையில 1,000 வருதுன்னா கணக்கு 1,000-லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். பே-ஸ்லிப்பைக் குப்பையில போடாதேன்னு நான் தொண்டை கிழியக் கத்துறது இதுக்காகத்தான்.

மூணாவது, நிரந்தர ஊனத்துக்கான தொகை. காயம் ஆறி ஒரு நிலைக்கு வந்ததும் டாக்டர் இத்தனை சதவீதம்னு எழுதுவார். அந்த சதவீதம், உன் வயசு, சராசரி வருமானம் மூணையும் வெச்சுக் கணக்குப் போடுவாங்க. நூறு சதவீத ஊனத்துக்குக் குறைஞ்சது 1,16,000 வெள்ளி, அதிகபட்சம் 3,46,000. உனக்கு 5 சதவீதம் வந்தாக்கூட 5,800-க்குக் கீழ போகாது. உன் விரலுக்கு எத்தனைன்னு என்கிட்ட கேக்காதே, அதை டாக்டர்தான் சொல்லணும்.

"ரூம்ல விழுந்தேன்"னு கையெழுத்துப் போட்டா இந்த மூணுக்கும் நீயே குழி வெட்டிக்கிற. நாளைக்கே போட்டோ, எம்.சி., பே-ஸ்லிப், அப்போ பக்கத்துல இருந்தவங்க பேர் எல்லாத்தையும் சேர்த்து வை. க்ளெய்ம் போட விபத்துலேர்ந்து ஒரு வருஷம் டைம் இருக்கு. அதுக்காக ஒரு வருஷம் தூங்காதே, கூட நின்ன பசங்க ஊருக்குப் போய்டுவாங்க.

ஜூரோங் டாம்: காய்ச்சல்னா எங்க போறது? கம்பெனி ஒண்ணும் சொல்லல.

பதில்: டாம்ல, அதாவது தொழிலாளர் விடுதியில, இருக்கிற பெர்மிட் ஆளுக்கு முதலாளி 'பிரைமரி கேர் பிளான்' எடுத்திருக்கணும், 2022 ஏப்ரல்லேர்ந்து கட்டாயம். கன்ஸ்ட்ரக்‌ஷன், ஷிப்யார்ட், பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலை) ஆளுங்க எங்க தங்கியிருந்தாலும் உண்டு. உன் டாமுக்குன்னு ஒதுக்கின மெடிக்கல் சென்டருக்குப் போ, ஒரு தடவைக்கு 5 வெள்ளி. போன்ல டாக்டரைப் பாத்தா 2 வெள்ளி. பிளானுக்கு வருஷத்துக்கு நூத்திச் சொச்சம் வெள்ளி கட்டுறது கம்பெனி, அதை உன் சம்பளத்துல பிடிச்சா புகார் பண்ணு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னா சென்டரைத் தேடிக்கிட்டிருக்காதே, 995.

காரைக்குடி: டெங்கு வந்து ஆஸ்பத்திரியில ஆறு நாள். பில் பெருசு. யார் கட்டணும்?

பதில்: முதலாளி. வேலையில அடிபடாம வர்ற நோய்க்குன்னு தனி மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கு. 2023 ஜூலைக்கு முன்னாடி வருஷத்துக்கு 15,000 வெள்ளிதான், இப்ப குறைஞ்சது 60,000. 15,000-க்கு மேல போனா அந்த மீதியில கால் பங்கைக் கம்பெனி போடணும், முக்கால் பங்கு இன்சூரன்ஸ். பில்லை உன் கையில கொடுத்து "ஊர்லேர்ந்து பணம் வரவழை"ன்னு சொன்னா மேன்பவருக்கு, அதாவது மனிதவள அமைச்சுக்கு, போ.

பேராவூரணி: துபாய்ல இருக்கேன் அண்ணே, அங்க இன்சூரன்ஸ்...

பதில்: அது எனக்குத் தெரியாத ஊர் தம்பி. இந்தியத் தூதரகத்துல கேளு. ஈ.சி.ஆர். (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசோட அனுமதி வாங்க வேண்டிய) பாஸ்போர்ட்ல போயிருந்தா இந்தியாவுல எடுத்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி ஒண்ணு இருக்கும், பத்து லட்ச ரூபா. அதைத் தேடிப் பாரு. சிங்கப்பூர் ஈ.சி.ஆர். பட்டியல்ல இல்ல, அதனால இங்க வர்றவங்க பலர்கிட்ட அது இருக்காது.

பூன் லே: காய்ச்சல்னா எந்த கிளினிக்?

பதில்: மேல ஜூரோங் தம்பிக்குச் சொல்லியிருக்கேன்.

வடகரை: வெளி கிளினிக்ல வாங்கின எம்.சி. செல்லாது, கம்பெனி டாக்டர் கொடுத்தாத்தான் சம்பளம்னு டைம்கீப்பர் சொல்றார். உண்மையா?

பதில்: பழைய கதை. 2019 ஏப்ரல்லேர்ந்து, பதிவு பெற்ற எந்த டாக்டர் கொடுத்த எம்.சி.யா இருந்தாலும் சம்பளத்தோட லீவு கொடுக்கணும். ஆனா 48 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்குத் தகவல் சொல்லியிருக்கணும், வாட்ஸ்ஆப்ல அனுப்பி வெச்சுக்கோ. வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம் ஆனா 5 நாள், ஆறு மாசம் ஆனா 14 நாள். நான் சொல்றது சாதாரண உடம்பு முடியாத லீவு. வேலையில அடிபட்டதுக்கு இந்த மூணு மாசக் கணக்கு இல்ல, முதல் நாளே அடிபட்டாலும் விக்கா உண்டு.

சூப்பர்வைசர் செந்துறை: நானும் இங்க பதினாறு வருஷம். நாப்பது பேரை வெச்சு வேலை வாங்குறேன். உங்களை மாதிரி ஆளுங்க ஏத்திவிட்டு, நகம் பேந்ததுக்கெல்லாம் எம்.சி. கேக்கறானுங்க. ஒருத்தன் எம்.சி. போட்டுட்டு முஸ்தஃபால ஷாப்பிங் பண்றான். மீதிப் பேர் அவன் வேலையையும் சேர்த்துச் செய்றாங்க. அதையும் எழுதுங்க.

பதில்: எழுதுறேன். அப்படி ஆளுங்க இருக்காங்க, நானே பாத்திருக்கேன், ஒருத்தனைத் திட்டித் திருப்பி அனுப்பியும் இருக்கேன். ஆனா அண்ணே, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுல, வலி இல்லாம நடிச்சவனைவிட வலியை மறைச்சவன்தான் அதிகம். ஊர்ல வட்டிக்கு வாங்கிட்டு வந்தவனுக்கு ஓ.டி. போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?

துவாஸ் வெல்டர்: டாக்டர்கிட்ட லைட் டூட்டி, அதாவது பாரமில்லாத வேலைன்னு சீட்டு வாங்கிட்டு வந்த எங்க ரூம் பையனை ஸ்டோர்ல மூட்டை தூக்க விட்டாங்க. கேட்டா "ஒரு கையாலதான தூக்குறான்"னு பதில்.

சூப்பர்வைசர் செந்துறை: எல்லா கம்பெனியும் அப்படி இல்ல. டாக்டர் கொடுக்கிற லைட் டூட்டியை நாங்க ஏன் தட்டணும்?

பதில்: டாக்டர் யாரைக் கேட்டுக் கொடுக்கிறார்ங்கிறதுதான் என் கேள்வி. கம்பெனி ஆள் கன்சல்டேஷன் ரூம் உள்ள வர்றார், தம்பிக்கு இங்கிலீஷ் வராது, இவர்தான் பேசுறார். 2011-ல என் மணிக்கட்டு உடைஞ்சப்போ எனக்கே நடந்துச்சு. ஏணியிலேர்ந்து விழுந்தவனை, பாத்ரூம்ல விழுந்தான்னு என் காதுபடச் சொன்னார். எனக்கு 'பாத்ரூம்'ங்கிற வார்த்தை புரிஞ்சதனால தப்பிச்சேன். தலையை ஆட்டி, "நோ, நோ, ஒர்க், ஒர்க்"னு கத்தினேன். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அவ்வளவுதான்.

இது என் ஒருத்தன் புலம்பலும் இல்ல. கட்டடத் தொழிலாளி ஒருத்தருக்கு ஆபரேஷன் பண்ணிட்டுப் போதுமான லீவு கொடுக்கலன்னு ஒரு டாக்டரை 2016-ல ஹைகோர்ட் 6 மாசம் இடைநீக்கமே பண்ணிருக்கு. லைட் டூட்டி எழுதுறதா இருந்தா, சைட்ல அப்படி ஒரு வேலை நிஜமா இருக்கான்னு டாக்டர் பாக்கணும்.

சூப்பர்வைசர் செந்துறை: ரிப்போர்ட் பண்ணினா கம்பெனிக்கு டீமெரிட் பாயின்ட் (தண்டனைப் புள்ளி), 18 மாசத்துல 25 சேர்ந்தா புது ஆள் எடுக்க முடியாது. அப்புறம் இந்தத் தம்பிங்களுக்கே வேலை இருக்காது. அதை யோசிச்சீங்களா?

பதில்: இங்கதான் தப்பு பண்றீங்க. பாயின்ட் விழறது பாதுகாப்புச் சட்டத்தை மீறினதுக்கு, ரிப்போர்ட் பண்ணினதுக்கு இல்ல. 2020 செப்டம்பர்லேர்ந்து ஒரு நாள் எம்.சி.யா இருந்தாலும், வெறும் லைட் டூட்டியா இருந்தாலும் வேலைக் காயம்னா ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், மறைக்கிறதுதான் குற்றம். முன்னாடி எம்.சி. நாள் அதிகமானாத்தான் ரிப்போர்ட்டுங்கிறதனால, நாளைக் குறைச்சு லைட் டூட்டியா மாத்தினா கம்பெனிக்கு லாபம் இருந்துச்சு. அந்த ஓட்டையை அடைச்சு ரொம்ப நாளாச்சு, சைட்ல பழக்கம் மட்டும் போகல.

துவாஸ் வெல்டர்: 'விபத்தில்லாத நாட்கள் 412'னு போர்டு வெச்சிருக்காங்க. போன மாசம் என் கண்ணு முன்னாடி ஒருத்தனுக்குக் கால் உடைஞ்சுது. போர்டு 413 ஆச்சு.

சூப்பர்வைசர் செந்துறை: மெயின்கான் (பெரிய கான்ட்ராக்டர்) போர்டு அது. அவங்ககிட்ட வேலை வாங்கிச் செய்ற சப்கான் நாங்க வாயைத் திறந்தா அடுத்த ஜாப் கிடைக்காது. சட்டம் பேசறது சுலபம்ணே.

பதில்: இதை ஒத்துக்கிறேன். உங்களுக்கு மேலேர்ந்து நெருக்கடி, அது தம்பி விரல் மேல வந்து இறங்குது. நீங்க அடுத்த தடவை டாக்டர் ரூமுக்கு வெளிய நின்னீங்கன்னாலே நான் சண்டையை நிறுத்திக்கிறேன்.

செங்காங்: காய்ச்சலுக்கு 5 வெள்ளியா, 2 வெள்ளியா?

பதில்: மேல. படிங்கப்பா, கெஞ்சிக் கேக்கறேன்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, என் வீட்டுக்காரருக்கு அங்க இடுப்புல அடி. பெர்மிட்டைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பப் போறதாச் சொல்றாங்களாம். வந்துட்டா பணம் வராதுன்னு அழறாரு. ராத்திரி தூங்கறதே இல்லன்னு சொல்றாரு.

பதில்: பயப்படாதீங்கம்மா. பெர்மிட்டைக் கேன்சல் பண்ணினா க்ளெய்ம் செத்துப்போகாது. கேஸ் நடக்கும்போது இங்கயே இருக்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பாங்க, ஊருக்கு அனுப்புற வரைக்கும் தங்கற இடம், சாப்பாடு முதலாளி பொறுப்பு. ஆனா அந்தப் பாஸ்ல வேலை செய்யக் கூடாது, தெரியாம செஞ்சு மாட்டிக்க வேண்டாம்னு சொல்லுங்க. யாராவது வலுக்கட்டாயமா ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, இமிக்ரேஷன் கவுன்டர்ல நின்னு "க்ளெய்ம் இருக்கு, போக மாட்டேன்"னு சத்தமாச் சொல்லணும். அதுக்கு முன்னாடியே வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு, 6536 2692, ராத்திரி பகல் எந்நேரமும் போன் பண்ணலாம். தூக்கம் வராம தவிக்கிறதுக்கு ஹெல்த்சர்வ்ங்கிற தொண்டு அமைப்புல 3129 5000, அதுவும் 24 மணி நேரம். அவர் தயங்கினா நீங்க சொல்லி அடிக்க வைங்க. பொண்டாட்டி சொன்னா கேக்கற ஆளுங்கதான் நாங்க.

ஊருக்கு வந்தே ஆகணும்னா எம்.சி., ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாத்தையும் கைப்பையில கொண்டு வரச் சொல்லுங்க, லக்கேஜ்ல வேண்டாம். அங்கயும் வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வேண்டாம்.

தஞ்சை அக்கா: நான் வீட்டு வேலை. கொதிக்கிற எண்ணெய் கையில கொட்டிருச்சு. விக்கா எனக்கு உண்டா?

பதில்: இல்லக்கா. சொல்லவே கஷ்டமா இருக்கு, வீட்டுப் பணிப்பெண்களை அந்தச் சட்டம் சேர்த்துக்கல. ஆனா முதலாளி உங்களுக்கு 60,000 வெள்ளிக்கு விபத்து இன்சூரன்ஸும், தனியா மெடிக்கல் இன்சூரன்ஸும் எடுத்திருக்கணும், வைத்தியச் செலவும் அவங்க பொறுப்பு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுற 'ஹோம்' அமைப்புல பேசுங்க, இந்த விஷயத்துல என்னைவிட அவங்களுக்குத் தெரியும்.

ஒரத்தநாடு: பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வெச்சிருக்கு.

பதில்: தப்பு, சட்டப்படி குற்றம். எழுத்துல திருப்பிக் கேளு.

திருவாடானை: பல்லு வலி. பிளான்ல வருமா?

பதில்: வராது. ஹெல்த்சர்வ் கேலாங்ல பல் வைத்தியமும் பாக்கறாங்க, முன்பதிவு பண்ணிட்டுப் போ.

மணமேல்குடி: லாரிக்குப் பின்னாடி ஆட்களை ஏத்திட்டுப் போறதைத் தடை பண்ணுவாங்களா?

பதில்: பார்லிமென்ட்ல பலமுறை பேசியாச்சு, ஏத்திட்டுப் போகச் சட்டம் இன்னும் அனுமதிக்குது. இதை ஆரம்பிச்சா விடிஞ்சிடும். ஒண்ணே ஒண்ணு: கம்பெனி லாரியில வேலைக்குப் போகும்போது அடிபட்டாலும் விக்கா உண்டு.

அறந்தாங்கி: எனக்கு 58 வயசு. இன்னும் ரெண்டு வருஷம்தானா?

பதில்: 2025 ஜூலையில மாத்திட்டாங்க. பெர்மிட் 63 வயசு வரைக்கும், இத்தனை வருஷம்தான் வேலை செய்யலாம்ங்கிற கெடுவையும் எடுத்துட்டாங்க. உடம்பைப் பாத்துக்கோங்கண்ணே.

ஆலங்குடி: அண்ணே, திரும்பவும் நான்தான். பாஸ் இப்பவே போன் பண்றார், காலையில ஆறு மணிக்கு லாரி ஏறறதுக்கு முன்னாடி பேப்பரைக் கொண்டு வரணுமாம்.

பதில்: மத்த கேள்வியெல்லாம் அடுத்த ஞாயிறு. நீ இப்பவே மேல இருக்கிற 6536 நம்பருக்கு அடி, தமிழ்லயே பேசு. பேப்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, முதல் பக்கம் மட்டும் இல்ல, பின்பக்கமும்.