பிக்கினியில் பெய்த வெள்ளைச் சாம்பல்: ஹைட்ரஜன் குண்டு பற்றிக் கேட்டவையும் பதில்களும்

சார், அணுகுண்டும் ஹைட்ரஜன் குண்டும் ஒன்றுதானே? பலூனில் அடைக்கிற அதே ஹைட்ரஜனா?

ஒன்றில்லை, தம்பி. ஹிரோஷிமாவில் விழுந்தது யுரேனிய அணுக்கருவைப் பிளந்து சக்தி எடுத்த குண்டு. ஹைட்ரஜன் குண்டுக்கு அப்படிப்பட்ட பிளவுக் குண்டு தீக்குச்சி மாதிரி. அது தரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்து இன்னும் பெரிய சக்தியைத் தருகின்றன. பலூன் ஹைட்ரஜனின் அணுக்கருவில் நியூட்ரான் கிடையாது. டியூட்டீரியத்தில் ஒன்று, டிரிட்டியத்தில் இரண்டு உண்டு.

இதைச் செய்தவர் டெல்லர் என்று படித்தேன். யாரும் தடுக்கவே இல்லையா?

தடுத்தார்கள். டெல்லர் அமெரிக்காவில் வேலை செய்த இயற்பியலாளர். 1949-இல், முதல் அணுகுண்டை உருவாக்கிய ஓப்பன்ஹைமர் தலைமையிலான ஆலோசனைக் குழு, இதை உருவாக்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்தது. 1950 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் வேலையைத் தொடரச் சொல்லிவிட்டார். டெல்லரின் பழைய வடிவம் தேறாது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம். அதே உலாமும் டெல்லரும் 1951-இல் சேர்ந்து எழுதிய யோசனைதான் வழியைத் திறந்தது. 1952 நவம்பர் 1 அன்று பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளின் எனிவெடாக் பவளத்திட்டில் வெடித்தார்கள். 10.4 மெகாடன். ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் சக்தி. எலுகெலாப் என்ற தீவு இருந்த இடத்தில் பள்ளம்தான் மிஞ்சியது. ஆனால் அன்று வெடித்தது திரவ டியூட்டீரியத்தைக் குளிரவைத்துக் காக்கும் ஒரு கட்டடம். விமானத்தில் ஏற்றக்கூடிய குண்டு வேண்டும் என்றுதான் அடுத்த சோதனைக்குப் போனார்கள்.

அந்த அடுத்த சோதனையில் கணக்கு தப்பிவிட்டது என்கிறார்களே, எப்படி?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

1954 மார்ச் 1, அதே மார்ஷல் தீவுகளின் பிக்கினி பவளத்திட்டு. சோதனையின் பெயர் பிராவோ. திரவத்துக்குப் பதிலாக லித்தியம் என்ற லேசான உலோகத்தோடு சேர்த்த டியூட்டீரியத்தைத் திடப்பொருளாக வைத்தார்கள். அந்த லித்தியத்தில் 40 சதவீதம் லித்தியம்-6, மிச்சமெல்லாம் லித்தியம்-7. ஆறு மட்டும்தான் டிரிட்டியம் தரும், ஏழு சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள். அது சும்மா கிடக்கவில்லை. வேகமான நியூட்ரான் பட்டதும் அதுவும் டிரிட்டியத்தைத் தந்தது. ஏறக்குறைய 6 மெகாடன் வரும் என்று எதிர்பார்த்தது 15 மெகாடன் ஆயிற்று. அதாவது, ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு.

வெடித்தது தரைமட்டத்தில். அதனால் பவளப்பாறை பொடியாகி, கதிரியக்கம் ஏறி, மேகத்தோடு மேலே போய்க் காற்றோடு கிழக்கே வந்தது. கிழக்கே ரொங்கெலாப் தீவில் மக்கள் இருந்தார்கள். சில மணி நேரம் கழித்து வானத்திலிருந்து வெள்ளைத் தூள் விழுந்தது. பனியையே பார்த்தறியாத தீவு அது. பிள்ளைகள் அந்தத் தூளில் விளையாடினார்கள். அது தோலில் ஒட்டியது, குடிதண்ணீரிலும் விழுந்தது. இரவுக்குள் அரிப்பும் வாந்தியும் ஆரம்பித்தன. கப்பல் வந்து அவர்களை ஏற்றிப் போக இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். லித்தியக் கணக்கு தப்பியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. முன்னெச்சரிக்கையாக அவர்களை வேறிடம் கொண்டுபோகாததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றும் சிக்கியதாமே?

ஆமாம் அம்மா, ஐந்தாம் எண் ஃபுகுரியு மாரு. சூரை மீன் பிடிக்கப் போன 23 பேர். அமெரிக்கா அறிவித்த அபாய எல்லைக்கு வெளியேதான் இருந்தார்கள். மேற்கே வெளிச்சம் எழும்பியது, அப்புறம் சாம்பல் கொட்டியது. அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘மரணச் சாம்பல்’. படகின் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா ஐகிச்சி அந்த ஆண்டு செப்டம்பர் 23-இல் இறந்தார், வயது 40. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்து இல்லத்தரசிகள் அவர் இறப்பதற்கு முன்பே, அந்த ஆண்டு மே மாதத்தில், குண்டுக்கு எதிராகக் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அது நாடு முழுவதும் பரவி மூன்று கோடியைத் தாண்டியது. படகு இன்றும் டோக்கியோவில் காட்சிக்கு இருக்கிறது.

ரஷ்யக் குண்டு இதைவிடப் பெரிதல்லவா? அதில் ஏன் இவ்வளவு சாம்பல் இல்லை?

பெரிதுதான். 1961 அக்டோபர் 30, ரஷ்யாவின் வடக்கே உள்ள நோவயா செம்ல்யா தீவுகள், 50 மெகாடன். ஆனால் அது நான்கு கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. தீப்பந்து தரையைத் தொடவில்லை, அதனால் மண்ணை அள்ளிக்கொண்டு போகவில்லை. வெளிப்பகுதியில் யுரேனியத்துக்குப் பதில் ஈயம் வைத்திருந்தார்கள்; யுரேனியம் என்றால் அதுவும் பிளந்து கதிரியக்கத்தைக் கூட்டியிருக்கும். அந்த வேலையில் இருந்த சோவியத் இயற்பியலாளர் சகாரோவ்தான் பின்னால் சோதனைகளை எதிர்த்தார்.

நம் நாடு ஏதாவது சொன்னதா?

சொன்னது. பிராவோ நடந்து ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2 அன்று, சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று நேரு மக்களவையில் முன்மொழிந்தார். காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்ற ஒப்பந்தம் 1963-இல்தான் வந்தது.

ரொங்கெலாப் மக்கள் ஊர் திரும்பினார்களா?

1957-இல் திரும்பினார்கள். இனி பயமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்புறம் தைராய்டுக் கட்டிகள் வரத் தொடங்கின. சாம்பலில் விளையாடிய பிள்ளைகளுக்குத்தான் அதிகம். சாம்பல் விழுந்தபோது ஒரு வயதுக் குழந்தையாக இருந்த ஒரு பையன் 1972-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தான். கடைசியில் 1985 மே மாதம் ஊரே கிளம்பிவிட்டது. அழைத்துப் போனது அரசாங்கம் இல்லை, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பல். பல நடையாக மெஜாட்டோ தீவுக்குப் போனார்கள். வீடுகளைப் பிரித்து, அந்தப் பலகைகளையும் தகரத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.