போகிப் புகையில் ஓடுபாதை தெரியுமா? வட சென்னைக் கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டையிலிருந்து: போகி அன்னிக்கு விடியக்காலையில எதிர்த்த வீடே தெரியல. ஐஎல்எஸ்னு ஒண்ணு இருக்கே, அப்புறம் ஏன் சார் ஃப்ளைட்டை வேற ஊருக்குத் திருப்புறாங்க?

ஐஎல்எஸ் என்ற ரேடியோ வழிகாட்டி விமானத்தை 3 டிகிரி சரிவில் ஓடுபாதை வரை கூட்டி வரும். ஆனால் கேட்-1 (கேட்டகரி-1, அடிப்படைப் படி) வகைத் தரையிறக்கத்தில் 200 அடிக்கு வந்ததும் விமானி விளக்குகளையோ ஓடுபாதையையோ கண்ணால் பார்த்தாக வேண்டும். தரைமட்டப் பார்வைத் தூரமும் (ஆர்விஆர்) பொதுவாக 550 மீட்டராவது வேண்டும். 2018 போகியன்று சென்னைக்கு வந்த விமானங்கள் பல திருப்பி விடப்பட்டது இதனால்தான். டெல்லியில் கேட்-3பி (மிகக் குறைந்த பார்வைக்கான உயர்படி) இருப்பதால் ஆர்விஆர் 50 மீட்டராக இருந்தாலும் இறங்கலாம். அதற்குத் தரைக் கருவி, விளக்கு வரிசை, தானாக இறங்கும் விமானம், பயிற்சி பெற்ற விமானி நாலும் ஒன்றாக அமைய வேண்டும். ஒன்று குறைந்தாலும் கேட்-3பி கிடையாது.

பெரம்பூர்: கண்ணுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி வைக்கிறாங்களே, அதுல என்ன லாபம்?

அதுதான் ஹெட்-அப் டிஸ்ப்ளே. போயிங் 787-இல் இரண்டு விமானிகளுக்கும் உண்டு. லாபத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) வேகத்தில் 3 டிகிரி சரிவில் வரும் விமானம் விநாடிக்குச் சுமார் 12 அடி இறங்குகிறது. 200 அடியிலிருந்து 100 அடிக்கு எட்டே விநாடி. அதற்குள் குனிந்து மீட்டரைப் பார்த்து, நிமிர்ந்து, கண்ணைத் தூரத்துக்குப் பழக்க ஓரிரு விநாடி போய்விடும். இந்தக் கண்ணாடியில் எழுத்தும் கோடும் வெகுதூரத்தில் இருப்பதுபோல ஒளியியலால் அமைத்திருப்பார்கள். அதனால் விளக்கையும் உயரத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அதில் ஒரு சிறு வட்டமும் இரண்டு இறக்கையும் தெரியும்: விமானம் உண்மையில் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அது சொல்லும். வட்டம் ஓடுபாதையின் இறங்குமிடத்தில் உட்கார்ந்திருந்தால் சரி. முன்னால் நகர்ந்தால் நீளமாக இறங்கப்போகிறீர்கள்.

வியாசர்பாடி: அகச்சிவப்புக் கேமரா புகையை ஊடுருவும்னு சொல்றாங்க. போகிக்கு இது போதாதா?

நல்ல கேள்வி, பதில் பாதி ஆம். விமானத்தின் மூக்கில் பொருத்தும் இவிஎஸ் (மேம்பட்ட காட்சி அமைப்பு) கேமரா வெப்பத்தைப் பார்க்கிறது. புதுப் புகையின் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. கேமரா பார்க்கும் 3 முதல் 5 மைக்ரான் அகச்சிவப்பு அலைக்கு அது பெரிய தடையில்லை. பனிமூட்டத்தின் நீர்த்துளி 10 மைக்ரானை ஒட்டியது, அங்கே நம் கண் தடுமாறுவதுபோலவே கேமராவும் தடுமாறும். சென்னையில் மார்கழிக் கடைசியில் காற்றில் ஈரம் அதிகம். புகைத்துகள் அந்த ஈரத்தைக் குடித்து ஊதிப் பெருக்கும்போது, கேமராவுக்கு இருந்த சலுகை கரைந்துவிடும்.

இன்னொரு சிக்கலை யாரும் பேசுவதில்லை. பகலில் தார் சூடு, புல் குளிர்ச்சி. அந்த வித்தியாசம்தான் படம். விடியலிலும் அந்தியிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வரும் நேரம் உண்டு. அப்போது ஓடுபாதை விளிம்பு சாம்பலில் சாம்பலாகக் கலந்துவிடும். போகித் தீ எரிவதும் அந்த நேரத்தில்தான்.

மணலி: ரிஃபைனரி ஜுவாலை கேமராவுல ரன்வே விளக்கு மாதிரி தெரியாதா?

வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். சட்டகத்துக்குள் வந்தால் மற்றப் பகுதி மங்கவும் கூடும். ஆனால் ஐஎல்எஸ் கோடு காட்டும் திசையில் இருக்கும் ஒளியைத்தான் விமானி நம்புவார், தனியாக மின்னும் புள்ளியை அல்ல.

எண்ணூர்: எல்இடி விளக்கு மாத்தினா இன்னும் நல்லா தெரியணுமே?

கண்ணுக்கு, ஆம். கேமராவுக்கு நேர்மாறு. பழைய இழை பல்பு தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக விட்டது, கேமரா அதைத்தான் பிடித்தது. எல்இடி அகச்சிவப்பை அனேகமாக விடுவதில்லை. அதனால் புதுக் கேமராக்களில் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் பல அலைவரிசை உணரிகளை வைக்கிறார்கள்.

ராயபுரம், ஏவியானிக்ஸ் மாணவி: எஸ்விஎஸ்ஸுக்கும் இவிஎஸ்ஸுக்கும் என்ன சார் வித்தியாசம்?

எஸ்விஎஸ் (செயற்கைக் காட்சி அமைப்பு) வரைபடம், இவிஎஸ் பார்வை. எஸ்விஎஸ் ஜிபிஎஸ் இருப்பிடத்தை வைத்து, சேமித்த நிலத்தரவிலிருந்து படம் வரைகிறது. எந்த மூட்டத்திலும் பரங்கிமலை பளிச்சென்று நிற்கும். ஆனால் ஓடுபாதையில் நிற்கும் ஜீப்பை அது காட்டாது. தரவு பழையதானால் புதுக் கோபுரமும் அதில் இருக்காது. மலையில் மோதாமலிருக்க எஸ்விஎஸ், ஓடுபாதை காலியா என்று பார்க்க இவிஎஸ். இந்தப் பிரிவை மறக்காதீர்கள் அம்மா, நேர்முகத் தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள்.

விதியும் இதைப் பின்பற்றுகிறது. அமெரிக்காவில் 2004-இல் கேமராப் படத்தை நம்பி 100 அடி வரை இறங்க அனுமதித்தார்கள். அந்த உயரத்தில் வெறுங்கண்ணுக்கு ஓடுபாதை தெரியாவிட்டால் இறங்காமல் மேலேறிவிட வேண்டும், அதுதான் கோ-அரவுண்ட். உரிய கருவியும் பயிற்சியும் உள்ளவர்களுக்குத் தரை தொடும் வரை அனுமதி 2016 டிசம்பரில்தான் வந்தது. வெறும் எஸ்விஎஸ் படத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

காசிமேடு: எங்க போட்டு ரேடார் பனியில வேலை செய்யுதே, விமானத்துக்கு அதையே வெச்சா என்ன?

வைத்துப் பார்த்திருக்கிறார்கள் அண்ணே. போட்டு ரேடாரின் அலை 3 சென்டிமீட்டர். அதில் ஓடுபாதை ஓரத்தைத் துல்லியமாகக் காட்டப் பெரிய ஆன்டெனா வேண்டும், விமான மூக்கில் அடங்காது. அதற்குப் பதில் 94 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை வைத்தால் அலை சுமார் 3 மில்லிமீட்டர். ஆன்டெனா சிறிதாகும், மூட்டத்தையும் தாண்டும். படம் மட்டும் கேமராவைவிடக் கரடுமுரடாக இருக்கும்.

திருவொற்றியூர், பராமரிப்புப் பிரிவு: எதை அடிக்கடி பார்க்கணும்?

மூன்று. கேமராவின் முன்ஜன்னல்: பூச்சி, எண்ணெய்ப் படலம் ஒட்டினால் படத்தில் மங்கல் திட்டு விழும், அதன் வெப்பமூட்டி வேலை செய்கிறதா என்றும் சோதியுங்கள். விமானி முன்னிருக்கும் ஹெட்-அப் டிஸ்ப்ளே கண்ணாடி: அமோனியா கலந்த கிளீனர் பூச்சை அரித்துவிடும், கையேடு சொல்லும் திரவமும் பஞ்சு உதிராத துணியும் மட்டும். கடைசியாக நேர்பொருத்தம்: கேமரா கழற்றி மாட்டியபின் படத்தில் தெரியும் விளிம்பும் கண்ணாடி வழியே தெரியும் விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். கேமரா கண்ணைவிடக் கீழே இருப்பதால் அருகிலுள்ள பொருளில் சிறு விலகல் எப்போதும் இருக்கும், அதைப் பிழையென்று திருத்தப் போகாதீர்கள். தூரத்துப் பொருளை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.